கல்வெட்டில் இல்லாத கை

அன்புள்ள இஞ்சேருங்கோ,

பதினாறு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நான் வாய் நிறையப் பெயர் சொல்லாத மனிதரைக் கடிதத்தில் மட்டும் வேறு எப்படி அழைப்பது? அடுத்த வாரம் உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, ஐயருக்கும் சொல்லியாகிவிட்டது. வருகிற சனம் நான் அழுவேன் என்று எதிர்பார்க்கும். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது.

இதை ஒளித்து வைக்க எழுதவில்லை. திவசத்துக்கு அச்சடிக்கிற சின்னப் புத்தகத்தில் தேவாரத்துக்குப் பின்னால் இதையும் போடச் சொல்லியிருக்கிறேன். அச்சுக்கூடக்காரர் இரண்டு தரம் கேட்டார்: "அம்மா, மெய்யாப் போடட்டோ?" ஓம், மெய்யாகத்தான் போடுங்கோ என்றேன். உங்களைப் பற்றி ஊருக்கே ஒரு பொய்யை அச்சடித்துக் கொடுத்தார்களே, உண்மையை மட்டும் நான் எதற்குக் காதுக்குள் சொல்ல வேண்டும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு வந்தும் நாங்கள் விடாமல் கொண்டுவந்த வழக்கங்களில் ஒன்று கல்வெட்டு. செத்தவரின் பிறப்பு வளர்ப்பு, செய்த காரியம் எல்லாவற்றையும் பாட்டாக எழுதி, அச்சடித்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுப்பார்கள். உங்களுக்கும் அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான் பாட்டு எழுதினார். உங்கள் காரைப் பற்றி அதில் ஒரு வரி: "தன்கையே துணையாகத் தனியொருவர் சமைத்த தேர்." என் பெயரும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, அழுது நிற்பவர்களின் வரிசையில்.

தனியொருவர்! அன்றைக்கு நான் வெள்ளைச் சேலையோடு அறைக்குள் இருந்தேன். பிழையாக எழுதிவிட்டார், பாவம், வாத்தியாருக்கு இரும்பு வேலை என்ன தெரியும் என்று நினைத்துப் பேசாமல் விட்டேன். அந்த வரி எங்கே போய் நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

உங்களுக்கும் சில விஷயங்கள் மறந்திருக்கலாம். நினைவுபடுத்துகிறேன், கேளுங்கள்.

காணி கிடைத்து நாங்கள் இங்கே வந்த இரண்டாம் வருடம், பரந்தன் கடையில் தேயிலைத்தூள் சுற்றித் தந்த தாளில் அந்தப் படம் இருந்தது. அமெரிக்கச் சஞ்சிகைத் தாள். கூரை இல்லை, சில்லுகளை மூடுகிற மட்காட் இல்லை, எஞ்சின் மூடாமல் வெளியே தெரிகிறது. முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் திரண்டு, ஓடத் தொடங்குகிற மாட்டைப் போல நிற்கிறது. அங்கத்தைய இளந்தாரிகள் பழைய காரை வெட்டிக் குறுக்கிப் பெரிய எஞ்சின் பூட்டி வீட்டிலேயே செய்கிற கார் என்று வாத்தியார் வாசித்துச் சொன்னார். நீங்கள் நீர்ப்பாசன வேலைத்தளத்தில் நாள் முழுக்க மண்ணள்ளும் இயந்திரங்களோடு மாரடித்துவிட்டு வந்து, அந்தத் தாளை அலுமாரிக் கதவில் ஒட்டினீர்கள். "கூரையில்லாத காரில மாரிக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "நனைவம்" என்றீர்கள். நனைவேன் என்று உங்களை மட்டும் சொல்லவில்லை. நனைவம் என்றுதான் சொன்னீர்கள்.

கோட்டில் வழக்குப் பேசுகிற பிறக்கிராசியார் ஒருவர் கைவிட்ட பழைய காரை, அடிச்சட்டத்துக்காகப் புளியமரத்தின் கீழிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்தோம். பின் ஆசனத்தில் கோழி அடைகிடந்தது. அதன் முட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான். வெள்ளைக்காரர் தங்கள் யுத்தத்துக்குக் கொண்டுவந்து வவுனியாவில் விட்டுப்போன இராணுவ லொறியின் எஞ்சின் ரெயிலில் வந்து இறங்கியது. அதைக் கழற்றிப் பரப்பியபோது, ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் வரிசையாக அடுக்கியது ஆர்? எந்த வளையம் எந்தத் தண்டுக்கு என்று நீங்கள் மறந்து நின்றபோது எடுத்துத் தந்தது ஆர்?

தார்ப் பீப்பாக்களை நெருப்பில் போட்டுத் தாரை உருக்கி, வெட்டி விரித்துத் தகடாக்கினோம். முதிரை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி என் தோள் வீங்கியது. நெல்லுச் சாக்கில் மணல் நிரப்பி அதன்மேல் வைத்துத் தட்டினால் தகடு குழியும் என்று கண்டுபிடித்தது நீங்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் பின்பக்கம்? அந்தத் திரண்ட பின்பக்கத்தை நீங்கள் மூன்று தரம் செய்தீர்கள். முதல் தரம் நெல் அளக்கிற புசல் போல வந்தது. இரண்டாம் தரம் கிழிந்தது. மூன்றாம் தரம் சுத்தியலை வாழைக்குள் எறிந்துவிட்டு, "உது மனிசர் செய்யிற வேலையில்லை" என்று சாப்பிடாமல் படுத்தீர்கள்.

நான் கலியாணத்துக்கு முன்னிருந்தே சட்டை தைக்கிறவள். நெஞ்சுக்கும் தோளுக்கும் துணி வளைய வேண்டுமென்றால் ஒரு ஆப்பு வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி எங்கேயோ ஓரிடத்தில் சுருங்கியே தீரும். தகட்டுக்கும் அதுதானே? பழைய பேப்பரில் அளவு வெட்டினேன். வலப்பக்கம் மூன்று ஆப்பு, இடப்பக்கம் மூன்று ஆப்பு. பேப்பரைக் காரில் பொருத்திக் காட்டியபோது நீங்கள் வாழைக்குள் போய்ச் சுத்தியலைத் தேடி எடுத்து வந்தீர்கள். அப்படியே வெட்டித் தட்டினோம், வேலைத்தளத்தில் கொண்டுபோய்க் காய்ச்சி ஒட்டி வந்தீர்கள். அந்தப் பின்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் எங்கள் வேலியைக் கடந்து போன ஆள் இந்தக் குடியேற்றத்தில் இல்லை.

எஞ்சினைச் சட்டத்தில் இறக்கியபோது கியர்ப்பெட்டி சேருகிற இடத்தில் நாலு நட்டுக்கு உங்கள் கை போகவில்லை. சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் அவ்வளவு ஒடுக்கம். என் கை போனது. நாலையும் நான்தான் இறுக்கினேன். அதில் ஒன்று வழுக்கிப் புறங்கையில் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. நீங்கள்தான் மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள்.

ஏழு வருடம். மாரிக்கு மூடி வைத்தோம், அறுவடைக்கு விட்டு வைத்தோம், கைக்கு நேரம் வந்தபோதெல்லாம் எடுத்தோம். பிள்ளை இல்லாத வீட்டில் இரும்பைத் தாலாட்டுகிறார்கள் என்று சனம் சொன்னது எனக்கும் கேட்டது, உங்களுக்கும் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது அது ஒன்றுதான்.

ஓடத் தொடங்கிய பிறகு என்னை ஒரு தரமாவது ஸ்டியரிங்கில் இருக்க விட்டீர்களா? "உமக்கு ஏலாது, பூமணி. சரியான பாரம்." முதிரைச் சுத்தியல் மட்டும் பஞ்சாகவா இருந்தது?

வீட்டில் கட்டிய காருக்கு நம்பர் எடுக்க வேண்டுமென்று விண்ணப்பம் எழுதினீர்கள். இங்கிலீசில் எழுத வாத்தியார் உதவி செய்தார். நான் தமிழ் ஐந்தாம் வகுப்பு. கவரை என் கையில் தந்து தபாற்கந்தோரில் போடச் சொன்னீர்கள். வெயிலில் நடந்து போய்ப் போட்டேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு போட்டேன். பரிசோதகர் வருகிற நாளைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே உங்களுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் வாரம் நீங்கள் இல்லை.

நீங்கள் போய் நாலு மாதத்தில் உங்கள் தமையன் துணுக்காயிலிருந்து வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வருடம் அங்கே குளம் வற்றி, அவர் வெட்டிய பெரிய கிணற்றில் தண்ணீர் கிடந்தும் இறைக்க வழியில்லாமல் பயிர் காய்ந்துகொண்டிருந்தது. கூடவே கிளிநொச்சிக் கராஜில் எஞ்சின் திருத்துகிற பாஸையும் கூட்டி வந்தார்.

"எஞ்சினைக் கழட்டிக்கொண்டு போய் தண்ணி இறைக்கப் பூட்டப்போறன், பிள்ளை. மிச்சத் தகரத்தைக் கோழிக்கூட்டுக்கு வைச்சுக்கொள்."

உங்களுக்கு ஆட்டை முடியும்வரை நான் வாசலுக்கு வரக்கூடாது. வந்தேன். பாஸ் காருக்குக் கீழே படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு எழும்பினார்.

"ஐயா, கியர்ப்பெட்டியில நாலு நட்டு இருக்கு. அதுக்குள்ள என்ர கை போகுதில்லை. ஆரோ சின்னக் கைக்காரர் இறுக்கியிருக்கினம். அவையைக் கூப்பிடுங்கோ. இல்லாட்டிச் சட்டத்தை வெட்டத்தான் வேணும்."

"அவன் ஆரையும் கூப்பிட்டு இறுக்கியிருப்பான். நீ வெட்டு."

நான் போய்க் காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். வெள்ளைச் சேலையோடு, முற்றத்தின் நடுவில், நான் தைத்த ஆசனத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் முளைத்தன. புறங்கையைத் திருப்பிப் பாஸிடம் காட்டினேன். "நான்தான் இறுக்கினனான். வெட்டுறதெண்டால் என்னோட சேர்த்து வெட்டுங்கோ."

உங்கள் தமையன் மடியிலிருந்து கல்வெட்டை எடுத்தார். அவர் அதைக் கையோடு கொண்டு வந்திருந்தார். அந்த வரியைச் சத்தமாக வாசித்தார், வேலிக்குக் கேட்கிற மாதிரி. "தனியொருவர் எண்டு அச்சில கிடக்கு. என்ர தம்பி தனிய உழைச்ச சாமான், பிள்ளை குட்டி இல்லாத இடத்தில தமையனுக்குச் சேரும். பெண்டுகள் சாமான் எடுத்துக் குடுத்ததுக்கெல்லாம் பங்கு கேட்டால் குசினிக்குள்ள இருக்கிற எல்லாரும் காருக்கு வந்து நிப்பினம்."

"வாத்தியார் தெரியாமல் பிழையா எழுதிப்போட்டார். வேணுமெண்டால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ" என்றேன். நான்தான் கூப்பிடச் சொன்னேன். அந்த மடைத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வாத்தியார் சைக்கிளில் வந்தார். பிழை என்று சொன்னதும் மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நான் பொய் எழுதேல்லை, பிள்ளை. விண்ணப்பத்தில இருந்ததைத்தான் பாட்டில வைச்சனான். 'ஆர் கட்டினது' எண்டு ஒரு கேள்வி அதில இருந்தது. உன்ர பேரையும் போடுவமோ எண்டு நான் கேட்டனான். அவர் சிரிச்சவர். பிறகு, 'நான் மட்டும் எண்டு போடுங்கோ, வாத்தியார்' எண்டவர்."

அவரிடம் பிரதி இருந்தது, போய் எடுத்து வந்து காட்டினார். கீழே உங்கள் கையெழுத்து இருந்தது. எனக்கு இங்கிலீசு தெரியாது, உங்கள் கையெழுத்துத் தெரியும்.

என்னை இல்லாமல் ஆக்கிய கடிதத்தை என் கையிலேயே தந்து தபாலில் போடச் சொன்னீர்கள். நானும் பிள்ளையாரைக் கும்பிட்டுப் போட்டேன். மனிதரா நீங்கள்?

அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு? உங்களிடம் இரண்டு சிரிப்பு உண்டு. ஏதாவது உடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று. கூட்டாளிகள் நடுவில் என்னைப் பகிடி பண்ணும்போது சிரிக்கிறது மற்றது. வாத்தியாரிடம் எதைச் சிரித்தீர்கள்? பெண் தட்டிய கார் என்றால் பரிசோதகர் நம்பர் தரமாட்டார் என்று பயந்தீர்களா? அல்லது சனம் பகிடி பண்ணும் என்று வெட்கமா? அல்லது உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தீர்களா, ஏழு வருடமும்? எது என்றாலும் முற்றத்தில் வைத்து என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், இரண்டு நாள் கதைக்காமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் சோறு போட்டிருப்பேன். இப்போது நான் யாரோடு சண்டை பிடிப்பது?

அன்றைக்குக் காரை மீட்டது உங்கள் கையெழுத்து இல்லை. பாஸ்தான். அவர் பிரதியையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார், நட்டுக் கழற்றுகிற சாவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "கடுதாசி என்னத்தையும் சொல்லட்டும், ஐயா. இந்த நட்டு இந்தக் கையாலதான் இறுக்கினது. அக்கா கழட்டச் சொல்லாமல் நான் தொடமாட்டன்." உங்கள் தமையன் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார். திவசத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவாரோ தெரியாது. அவருடைய பயிர் அந்த முறை கருகிப்போனது. அதுவும் என் நெஞ்சில்தான் கிடக்கிறது, அதற்கும் சேர்த்து உங்கள்மேல்தான் கோபம்.

அதற்குப் பிறகு உங்கள் பெயருக்குப் பரிசோதகரின் கடிதம் வந்தது. கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்து வெளிக்குக் காரைக் கொண்டு வரட்டாம். பாஸ் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். ஆட்டைத் திவசம் முடியாமல் வீதிக்கு வந்துவிட்டாள் என்று கதைத்தார்கள். கதைக்கட்டும்.

போகிற வழியெல்லாம் நான் மூன்று சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் விண்ணப்பத்தில் என்ன இருந்ததோ, அதையே. வாத்தியாரிடம் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன். 'பை மைசெல்ஃப் அலோன்.' நீங்கள் எனக்குச் செய்ததை உங்களுக்குச் செய்யப்போகிறேன். யார் கட்டியது என்று அந்தப் பெரிய மனிதர் கேட்பார். நான் மட்டும் என்று நிமிர்ந்து சொல்லப்போகிறேன். நீங்கள் எழும்பி வந்து இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பரிசோதகர் கொழும்பிலிருந்து வந்தவர், இங்கிலீசுதான். கிளாக்கர் தமிழில் சொன்னார். "கட்டினவர் ஒராள் எண்டு கிடக்கு. அந்தாளும் காலமாகிப்போனார். அப்ப இந்தக் காருக்கு இனி ஆர் பொறுப்பு? பதில் சொல்ல ஆள் இல்லையெண்டால் நம்பர் குடுக்கேலாதாம்."

"நான் சொல்லுறன், கேளுங்கோ" என்றேன்.

கேட்டார். பிரேக் கம்பி எதனால் போகிறது, எஞ்சின் எதன்மேல் இருக்கிறது, சட்டத்தில் எங்கெங்கே ஒட்டு. எல்லாவற்றுக்கும் கீழே குனிந்து தொட்டுக் காட்டிச் சொன்னேன். சேலைக் கரையெல்லாம் கிறீஸ். மனிதர் பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவினார். ஆப்பு வைத்த இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தார், ஒட்டு எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு பேனையைத் திறந்து என்னவோ கேட்டார். கிளாக்கர் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

"கடைசியாச் சொல்லுங்கோ, அம்மா. இதைக் கட்டினது ஆர்?"

வாயைத் திறந்தேன். அந்த மூன்று சொல்லும் நாக்கின் நுனியில் இருந்தன. வரவில்லை. வெயிலில் நின்றுகொண்டு, இத்தனை கோபத்தோடு, நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நாங்கள்" என்றேன். "நானும் அவரும்."

பரிசோதகர் உங்கள் வரியை வெட்டிவிட்டு இரண்டு பெயர் எழுதினார். நான் திரும்பி வரும்வரை அழுதேன். அவமானத்தில் அழுதேன். உங்களால் அவ்வளவு இலேசாகச் செய்ய முடிந்ததை என்னால் ஏன் செய்ய முடியவில்லை? கல்லு மாதிரி நின்றிருக்க வேண்டாமா நான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்காது. மட்காட் இல்லாமல் வீதியில் விடமாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பினார். நாலு மட்காட்டும் நானே அடித்தேன், தார்ப் பீப்பாத் தகட்டில். உங்கள் படத்தில் இல்லாத மட்காட். நீங்கள் இருந்தால் முற்றத்தில் நின்று குதித்திருப்பீர்கள். நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் நம்பர் வந்தது.

போன வாரத்திலிருந்து பாஸ் எனக்கு ஓட்டப் பழக்குகிறார், வாய்க்கால் கரைக் கட்டின்மேல், சனம் பார்க்கத்தான். ஸ்டியரிங் பாரம்தான், பொய் சொல்லமாட்டேன். தோள் நோகிறது. பழகிவிடும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இலையில் உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியலும் கிடக்கும், ஒவ்வொரு திவசத்துக்கும் கிடக்கும், அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் உங்களை மன்னித்துவிட்டதாக நினைத்துச் சாப்பிட வேண்டாம். ஒரு நாள் நானும் அங்கே வருவேன். சுகம் விசாரிக்கமாட்டேன், வந்து நின்ற நிலையில் முதல் கேள்வியாக அந்தச் சிரிப்பைத்தான் கேட்பேன். நல்ல பதிலாக ஒன்று யோசித்து வையுங்கள். அவசரமில்லை, ஆறுதலாக யோசியுங்கள். நான் வரப் பிந்தும், எனக்கு இங்கே கார் ஓட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
செத்த பிறகும் உங்களோடு சண்டை முடியாத
உங்கள் மனைவி
பூமணி